இடப்பக்கக் கண்ணாடி

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களைப் பற்றி ஊரார் இருவகையான அபிப்பிராயம் கொள்வதுண்டு. பணம் மிகுந்து பழம்பொருளில் மோகம் கொண்டவர் என்பது ஒன்று; புதியது வாங்க வகையற்றவர் என்பது மற்றொன்று. நான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பதில் எங்கள் கல்லூரி மாணவருக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. என் வண்டி 1959 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். பாட்டனார் அதனை 1968 இல் ஒரு வைத்தியரிடம் வாங்கினார். அவருக்குப்பின் தந்தையார் ஓட்டினார். தந்தையாருக்குக் கண் மங்கிய பின்னர் நான் ஓட்டுகிறேன்.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத முற்பகுதியிலே இது நடந்தது. 2020 முதல் தடைப்பட்டிருந்த மோட்டார்க் கார் இறக்குமதிக்கு அம்மாதத்தில்தான் அரசாங்கம் மறுபடியும் வழி திறந்திருந்தது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அந்நாட்களில் புதிய கார்களைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. வாங்கும் வசதி எங்களில் எவருக்கும் கிடையாது. ஆயினும் பேச்சுக்கு வரி இல்லை அல்லவா? அந்தப் பேச்சைக் கேட்டு மொறிஸ் மைனருக்கு மனம் நொந்ததோ என்னவோ, அதே வாரத்தில் அது தன் இடப்பக்கத்து முன்கதவுக் கண்ணாடியை இழந்தது.

மாரி மழையில் கல்லூரி மைதானத்துப் புல் முழங்காலளவுக்கு வளர்ந்திருந்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கியபடியால், புல் வெட்டுவதற்கு ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்தியிருந்தனர். தோளிலே கொழுவிக்கொள்ளும் இயந்திரம் அவருடையது. அதன் நுனியிலே தங்கூசி நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். இடையிலே கல் அகப்பட்டால் அதனையும் எறியும். ஆதலால் மைதானத்து ஓரத்தில் ஒருவரும் வாகனம் நிறுத்தலாகாது என்று அதிபர் காலைப் பிரார்த்தனையிலே அறிவித்தார். ஓய்வறைப் பலகையிலும் எழுதிப் போட்டிருந்தது. அன்று நான் பிரார்த்தனைக்குப் பிந்தி வந்தேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நேரத்துக்கே வந்திருந்தேன். அறிவித்தலையும் காதாரக் கேட்டேன். கேட்டபின், புல் வெட்டுபவர் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறார், இந்தப் பக்கம் வருவதற்கு மத்தியானம் ஆகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, வண்டியை வழக்கம்போல வேம்பின் நிழலிலேயே விட்டுவைத்தேன்.

மூன்றாம் பாடவேளையிலே, வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்ற சமயம், வெளியே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்வதற்கில்லை. அதைத் தொடர்ந்து, சுளகிலே அரிசியைக் கொட்டுவது போன்ற ஓர் ஒலி. யன்னலோரத்து மாணவர்கள் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பின் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலே செய்தி முழுவதும் அடங்கியிருந்தது.

நான் இறங்கிப் போனபோது இயந்திரம் நின்றிருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பிலே ஒரு கைப்பிடியளவு துண்டுகள் மட்டும் ஒன்றோடொன்று பற்றித் தொங்கின. மீதி முழுவதும் ஆசனத்திலும் நிலத்திலும் கற்கண்டுத் தூள்போலப் பரந்து கிடந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் தலையிற் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையிலே வைத்துக்கொண்டு நின்றார்.

"சேர், கல்லுத் தெறிச்சுப் போட்டுது. வேணுமெண்டு செய்யேல்லை. என்ன காசெண்டு சொல்லுங்கோ, கொஞ்சங் கொஞ்சமாத் தந்து முடிக்கிறன்" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி ஒன்றுதான். அதனைச் சொல்வதற்கு எனக்குத் தமிழிலே போதிய சொற்களும் இருந்தன. நான் சொன்னது, "பாப்பம்" என்பது.

'பாப்பம்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அது ஆம் என்றும் ஆகும், இல்லை என்றும் ஆகும். சொல்பவனுக்கு அதிலே ஒரு பொறுப்பும் இல்லை. கேட்பவனுக்கு இரவிலே நித்திரை இல்லை. அந்த மனிதருக்கு நாட்கூலி மூவாயிரம் ரூபா. இயந்திரத்துக்குப் பெற்றோலும் தங்கூசியும் அதற்குள்ளேதான். அதுவும் நாள்தோறும் கிடைக்கும் கூலியன்று. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே விலைகள் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, மாதச் சம்பளக்காரன் ஒருவனுடைய மனம் சில வேளைகளில் மிகவும் சிறுத்துவிடுகின்றது. வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தபடியால் அந்த வழியிலும் ஒரு சதம் வராது.

இரண்டு நாள் கழித்து அவர் ஓய்வறை வாசலுக்கு வந்து, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றை நீட்டினார். நான் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் ஓர் ஐந்நூறு. அதையும் வாங்கினேன்.

இதற்கிடையே மாணவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. உடைந்த துண்டுகளிற் சிலவற்றை ஒரு கடதாசியில் மடித்து உயர்தர வகுப்புக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி என்றால் உடையும்போது கத்திபோலக் கூரிய துண்டுகளாக அன்றோ உடையவேண்டும், இது ஏன் சீனிக் கட்டிபோலச் சிதறியது என்பது அவர்களுடைய வினா. பாடப் புத்தகத்தில் இல்லாத வினாவானபடியால் எல்லோரும் விழித்திருந்து கேட்டார்கள்.

கார்க் கதவுகளுக்கு இடும் கண்ணாடியை முதலில் உரிய வடிவத்துக்கு வெட்டிக் கொள்வார்கள். பின்னர் அதனை ஏறக்குறைய 620 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, இருபுறமும் குளிர்ந்த காற்றைப் பாய்ச்சித் திடீரென ஆறச் செய்வார்கள். வெளித்தோல் முதலில் ஆறி இறுகிவிடும். உள்ளே உள்ளது பிந்தி ஆறும், ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது ஏற்கனவே இறுகிய தோலை உள்நோக்கி இழுக்கும். இதனால் கண்ணாடியின் வெளிப்பகுதி எப்பொழுதும் நெருக்கலிலும் உட்பகுதி எப்பொழுதும் இழுவையிலும் இருக்கும். தோலின் நெருக்கல் காரணமாகச் சாதாரண அடி எதனையும் அது தாங்கிக் கொள்ளும். ஆனால் கூரான ஒரு சிறு கல் அந்தத் தோலை ஓரிடத்திலே துளைத்து உள்ளே எட்டிவிட்டால், உள்ளே அடங்கியிருந்த இழுவை முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்பட்டு, கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தானாகவே நொறுங்கிவிடும். துண்டுகள் சிறியனவாயும் முனை மழுங்கியனவாயும் இருப்பதால் உள்ளே இருப்பவருக்குப் பெரிய காயம் நேராது. உருகிய கண்ணாடித் துளியை நீரில் இட்டு ஆறவைத்தால் இதே குணம் அதற்கும் வரும். 'றூபேட் இளவரசர் துளி' என்று பெயர் பெற்ற அத்துளியை 1661 ஆம் ஆண்டிலேயே இலண்டன் றோயல் சங்கத்தார் ஆராய்ந்திருக்கின்றனர். துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுவதும் தூளாகும். அந்த வெடிப்பு விநாடிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடும் என்பது பிற்காலத்தார் அளந்து கண்டது.

எல்லாம் சொல்லி முடித்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அண்டைக்குக் கார் விடவேண்டாமெண்டு பிரார்த்தனையில அதிபர் சொன்னவரெல்லே?"

வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மெய்தான்" என்று சொல்லிவிட்டு, துண்டுகளைக் கடதாசியில் மடித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

நகரிலே கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் விசாரித்தபோது, இது ஒரு வேலையா என்பது போல என்னைப் பார்த்தார். மொறிஸ் மைனரின் கதவுக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. இக்காலத்து வண்டிகளிலே அப்படி இல்லை. ஆகவே அலுமாரிக்கும் யன்னலுக்கும் போடுகிற ஐந்து மில்லிமீற்றர்க் கண்ணாடியிலே அளவாக வெட்டி, விளிம்பை மினுக்கி அரை மணித்தியாலத்தில் தரலாம், மூவாயிரத்தைந்நூறு ரூபா போதும் என்றார். நான் தயங்கினேன். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கொடுவாள் கொடுவாளாக உடையும். அதன் அருகிலே ஓர் ஆளை இருத்தி ஓட்டுவது எப்படி?

"அப்ப லமினேற் போடுவம் சேர்" என்றார். அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலே ஒரு மென்சவ்வை வைத்து ஒட்டியது. வண்டிகளின் முன்கண்ணாடிக்கு இப்போது இடுவது. 1903 இல் பிரெஞ்சு இரசாயனவியலார் எட்வார் பெனெடிக்ரஸ் என்பவரின் ஆய்வுகூடத்திலே குடுவை ஒன்று தவறி விழுந்தும், உள்ளே காய்ந்து படிந்திருந்த பசையினாலே சிதறாமல் நின்றதாம். அதிலிருந்து பிறந்தது இக்கண்ணாடி. வெட்டவும் கூடும், உடைந்தாலும் சவ்வைப் பற்றி நிற்கும். ஆனால் அவரிடம் இருந்தது தடிப்பு மிகுந்தது. எங்கள் கதவின் தவாளிப்புக்குள் இறங்காது. மிஞ்சியது 'ரெம்பர்' கண்ணாடி என்று கடைக்காரர் சொல்கிற முன்சொன்ன வகை. அதனைச் சூடாக்கிய பின்னர் வெட்ட முடியாது. வெட்டப் போனாற் பொடியாகும். எனவே அச்சு மாதிரி ஒன்றை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பி, அங்கே அளவாக வெட்டிச் சூடேற்றி எடுக்கவேண்டும். போக்குவரத்துச் செலவோடு பன்னிரண்டாயிரத்தைந்நூறு.

"காரின்ர விலையிலும் சட்டர்க் கண்ணாடி விலை கூடப்போகுது" என்று அவர் சொன்னார். வியாபாரியாயினும் உண்மை பேசினார்.

வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் சொன்னேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து அவர் வண்டியில் ஏறவில்லை. நான் வெறுங் கதவிலே பொலித்தீன் தாளை ஒட்டி வைத்திருந்தேன்; வேகத்திலே அது கோழி சிறகடிப்பது போல அடித்துக்கொள்ளும். கோயிலுக்குப் போகவும் அவர் முச்சக்கர வண்டியையே பிடித்தார். நான் மூன்று விலைகளையும் சொல்லி, மூவாயிரத்தைந்நூறு ரூபாக் கண்ணாடியை இப்போதைக்குப் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து போய், அலுமாரிக்கு மேலிருந்த காட்போட் பெட்டி ஒன்றை இறக்கி, கத்திரிக்கோலோடு வளவுக்குள் இறங்கினார். அச்சு வெட்டத் தொடங்கிவிட்டார் என்று விளங்கிற்று.

தந்தையார் பிடிவாதக்காரர் அல்லர். இந்த ஒரு கண்ணாடியில் மட்டும் அவர் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

1991 ஆம் ஆண்டிலே அயல் ஒழுங்கையில் விழுந்த குண்டின் அதிர்ச்சியில் இதே கதவின் கண்ணாடி நொறுங்கியது. முன்னால் இருந்த சிறு முக்கோணக் கண்ணாடியும் கூடப் போயிற்று. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. துண்டுகளைப் பால்மாப் பேணியில் நிறைத்து இரத்தினக் கற்கள் என்று வைத்திருந்தேன். 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவதே நின்றுவிட்ட காலம் அது. கார்புரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய வண்டிகள் அதனையும் சகித்துக்கொண்டு புகை கக்கி ஓடின. பெற்றோலே இல்லாத ஊரில் கண்ணாடிக்கு எங்கே போவது? அயலிலிருந்த தச்சர் தேயிலைப் பெட்டிப் பலகையை அளவாக அறுத்து, பெரிய கண்ணாடிக்கும் சிறியதற்குமாகச் சேர்த்து ஒரே பலகையாகச் சட்டத்துக்குள் இறுக்கி, ஆணியும் அடித்துத் தந்தார். பெட்டியிலே அச்சிட்டிருந்த ஆங்கில எழுத்துக்கள் பாதி உட்புறமாகத் தெரிந்தன. மழை உள்ளே வராது. வெளியேயும் ஒன்றும் தெரியாது.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி எழுந்தபோது, அந்தப் பலகை பூட்டிய வண்டியிலேதான் நாங்களும் புறப்பட்டோம். தந்தையார் ஓட்டினார். பக்கத்து ஆசனத்தில், பலகையோரத்தில், அப்பாச்சி இருந்தார். மடியிலே ஒரு மூட்டை. பின்னால் அம்மாவும் தங்கையும் நானும், எஞ்சிய இடத்திலெல்லாம் பாத்திரங்களும். மழை பெய்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியிலே நீரும் ஆட்களின் முதுகுகளும் தவிர வேறொன்றும் தெரியாது. வண்டி ஓர் ஆள் நடக்கிற வேகத்தில்கூடப் போகவில்லை. அப்பாச்சி கொஞ்ச நேரத்துக்கொரு தரம், "இது எவடம் மோனை?" என்று கேட்பார். நான் வலப்பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்து, "அரியாலை" என்பேன். நெடுநேரங் கழித்து மறுபடியும், "இப்ப எவடம்?" என்பார். "இன்னும் அரியாலைதான் அப்பாச்சி." எழுபத்து நாலு வருடம் அவர் போய்வந்த தெருக்கள். அவற்றை அவர் கண்ணாற் காணாமல், என் வாயாற் கேட்டுக்கொண்டே கடந்தார். நாவற்குழிப் பாலம் தாண்டும்போது பலபலவென்று விடிந்துவிட்டது.

1996 மாசியிலே சாவகச்சேரியில் ஒருவர் தந்த வீட்டு விறாந்தையில் அப்பாச்சி காலமானார். சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தோம், அவர் வரவில்லை.

2002 இல் ஏ-9 வீதி திறந்தவுடன் தந்தையார் கொழும்புக்குப் புறப்பட்டார். எல்லோரும் சுற்றத்தாரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தோம். பஞ்சிகாவத்தையிலே பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, பிரித்துப் போட்ட ஒரு மொறிஸ் மைனரின் கண்ணாடிகளைத் தேடி வாங்கி, போர்வையிலே சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு முறையும் போர்வையை அவிழ்த்துக் காட்டினாராம். அந்தக் கண்ணாடிதான் இருபத்து மூன்று வருடம் இருந்து, நான் வேம்பின் நிழலுக்கு ஆசைப்பட்டபடியால் உடைந்தது.

அச்சை வெட்டி முடித்து, கதவுச் சட்டத்திலே வைத்துப் பார்த்து, இரண்டு மில்லிமீற்றர் இன்னும் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தந்தையார் கேட்டார்.

"புல்லு வெட்டின ஆள் என்ன சொன்னது?"

நான் ஆயிரம் ரூபாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அந்தாளின்ர கல்லோ, உன்ர நிழலோ எண்டு பிறகு பாப்பம், தம்பி. முதல் காசைக் குடுத்திட்டு வா."

நாற்பத்தைந்து வயதிலே, பட்டதாரி ஆசிரியன், வளவிலே நின்று தகப்பனாரிடம் ஏச்சு வாங்குவது ஒருவகையில் நல்லதுதான். ஏசுவதற்கு ஒருவர் இருக்கிறார் அல்லவா?

மறுநாள் அவரைத் தேடிப் பிடித்தேன். மைதான வேலை முடிந்து, வேறொரு வளவிலே வேலி ஓரத்தைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் நீட்டினேன். அவர் துவாயாலே கையைத் துடைத்தார்; ஆனால் கையை நீட்டவில்லை.

"குடுத்த காசைத் திருப்பி வாங்கிறது சரியில்லை சேர். உடைஞ்சது என்ர கையால. அது பொய்யில்லைத்தானே?"

"விடவேண்டாமெண்டு சொல்லியும் காரை அதில விட்டது நான் அண்ணை."

"அதுவும் பொய்யில்லை" என்று சொல்லிச் சிரித்தார். சில நாட்களாக நான் வீதியில் அவரைக் காணாததுபோலக் கடந்து போனதை அவர் கவனித்திருக்க வேண்டும். அதனை மறந்துவிட்டது போல இருந்தது அந்தச் சிரிப்பு. அல்லது நான் அப்படி எண்ணிக்கொண்டேன். பிறகு வண்டி எந்த ஆண்டு, சட்டர் சுற்றும் கைபிடி இறுக்கமா, கதவின் அடி உக்கியிருக்கிறதா என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார். 2009 க்கு முன்னர் வன்னியில் ஒரு கராச்சில் பல வருடம் வேலை செய்தவராம். இயந்திரங்களும் ஆயுதங்களும் அங்கேயே போயின. புல் வெட்டும் வேலை பிறகு வந்தது. இதனை நான் முன்னமே கேட்டறிந்திருக்கலாம். கேட்கவில்லை.

"ஒண்டு செய்வம் சேர். அந்த ஆயிரத்துக்குக் கண்ணாடிக்குப் போடுற றப்பரும் பெல்ற்றும் வாங்கி வையுங்கோ. கண்ணாடி வரட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பூட்டித் தாறன்."

ஆயிரம் ரூபா அவற்றுக்குப் போதவில்லை. மீதியை நான் போட்டேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

கண்ணாடி இரண்டு ரெஜிபோம் பலகைகளுக்கு இடையே கட்டுண்டு இரவு பஸ்ஸிலே வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை அவரும் வந்தார். தந்தையார் முற்றத்திலே கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். கைபிடிகளின் சிறு ஆணிகளைத் தட்டிக் கழற்றி, கதவின் உட்பலகையை எடுத்ததும், உள்ளே கையை விட்டு உடைந்த துண்டுகளை அள்ளினார் அவர். இதைச் செய்யாமற் புதுக் கண்ணாடியைப் பூட்டினால், பழைய துண்டுகள் சுற்றும் பற்சில்லுக்குள் அகப்பட்டுப் புதியதைக் கீறும். நீர் வடியும் துவாரங்களையும் அடைத்து, கதவை அடியிலிருந்து உக்கச் செய்யும். துவாரங்கள் உண்மையிலேயே அடைபட்டிருந்தன. கம்பியாலே குத்தித் திறந்தபோது ஒரு பிடி கறள்மண் விழுந்தது. அந்த மண்ணுக்குள்ளே கலங்கிய நிறத்தில் வேறு சில துண்டுகளும், கறள் பிடித்த ஒரு சிறிய ஆணியும் இருந்தன.

தந்தையார் ஆணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "தேயிலைப் பெட்டி ஆணி" என்றார். பின்னர் அதனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியின் அடி விளிம்புக்கு றப்பரைச் சுற்றி, உருக்குத் தவாளிப்பிலே இறுக்கி, இருபுறமும் பெல்ற்றை ஒட்டி, சரித்து உள்ளே இறக்கி, நிமிர்த்தி, கைபிடியைப் பூட்டிச் சுற்றினார். முதற் சுற்றிலே அது பாதி வழியில் நின்றது. தந்தையார் சொன்னார், "முன்பக்கம் பிடிக்குது." அவர் சொன்னது சரி. முன்பக்கத்துப் பெல்ற்றை ஒரு நூலளவு வழித்தபின் கண்ணாடி மேலேறிச் சட்டத்திலே பொருந்தியது. எல்லாம் இரண்டரை மணித்தியால வேலை. மத்தியானம் எங்களோடு இருந்து சாப்பிட்டார். கூலி என்று எதையும் வாங்க மாட்டேன் என்றார். அவருடைய மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை அடுத்த ஆண்டு, கணிதம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்று பேச்சுவாக்கிலே சொன்னார். பையன் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் விறாந்தைக்கு வருகிறான். கெட்டிக்காரன், கையெழுத்துத்தான் மோசம்.

மாசித் திவசம் முடிந்த மறுநாள், எங்களுக்கு அந்நாளில் இடந்தந்த சாவகச்சேரி வீட்டாருக்குப் பலகாரம் கொண்டுபோவது தந்தையாரின் வழக்கம். அவ்வாண்டும் போனோம். அவர் இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்து, கண்ணாடியைத் தாமே சுற்றி இறக்கி, முழங்கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டார். சிறிது தூரம் போனதும், "அரியாலை" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்திலே ஏறியபோது, "நாவற்குழி" என்றார். பிறகு "கைதடி." பிறகு, நுணாவிலிலே வண்டி மெதுவாகியபோது, அதனையும் பெயர் சொன்னார். நான் இடையிலே ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும்போது கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டார். மேடுபள்ளங்களிலே அது சிறிது கிலுகிலுக்கிறது. பின்பக்கத்துப் பெல்ற் இன்னும் தடிப்பாகப் போட்டிருக்க வேண்டும் என்கிறார் தந்தையார். மாரிக்கு முன்னர் மாற்றவேண்டும்.